ராஸ் தீவின் பெயரை மாற்றியவர்களுக்கு ஒரு மடல்

அந்தமான் நிகோபார் நிர்வாகத்துக்கும், இங்குள்ள தீவுகளுக்கும் ஊர்களுக்கும் புதுப் பெயர் வைக்கும் பொறுப்பில் டெல்லியில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

நான் போர்ட் பிளேரில் பிறந்தவள். தாத்தா 1950-களில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து மரமில் வேலையில் சேர்ந்தார், அப்பா இங்கேயே பிறந்தார், என் மகளும் இங்கேதான் பிறந்தாள். இப்போது எங்கள் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம். 2024 செப்டம்பர் 13 அன்று அறிவிப்பு வந்தது. அன்று மாலைக்குள் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாட்ஸ்அப்பில் ராஜேந்திர சோழன் படத்தை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தீவுகள் சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்தவை என்று உள்துறை அமைச்சரே சொல்லியிருந்தார், அந்த வரியை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மெய்க்கீர்த்தியில் வரும் ‘மாநக்கவாரம்’ நம் நிகோபார்தான் என்று மகளுக்கு அன்று இரவு சொல்லிக்கொடுத்தேன்.

அவள் கேட்டாள், “சோழர்கள் வந்தபோது இங்கே யார் இருந்தார்கள்?”

இந்த மடல் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் வைத்த பெயர்களை எடுத்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2018 டிசம்பர் 30 அன்று நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. நீல் என்பவர் யார் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். 1857 கிளர்ச்சியை அடக்கப் போன மதராஸ் படையின் தளபதி அவர், வட இந்தியாவில் வழியெங்கும் மரங்களில் ஆட்களைத் தொங்கவிட்டவர். சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை இருந்தது. 1927-இல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் செய்து எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள், கடைசியில் 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது அங்கிருந்து நகர்ந்து மியூசியத்துக்குப் போனது. அப்படி ஒருவரின் பெயரை ஒரு தீவு எதற்காகச் சுமக்க வேண்டும்? போகட்டும். அதே நாளில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. 2021-இல் மவுண்ட் ஹாரியட், மணிப்பூரிலிருந்து இங்கே நாடு கடத்தப்பட்ட வீரர்களின் நினைவாக மவுண்ட் மணிப்பூர் ஆனது. 2023 ஜனவரி 23 அன்று, அதுவரை பெயரில்லாதவை என்று சொல்லப்பட்ட 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்கள் கிடைத்தன.

நேதாஜிக்கு ஒன்று, மணிப்பூருக்கு ஒன்று, ராணுவ வீரர்களுக்கு 21, இப்போது எங்கள் சோழருக்கும் ஒரு பங்கு. இந்த வரிசையில் ஒரு பெயர்கூட இந்தத் தீவுகளின் சொந்த மக்களுடைய மொழியிலிருந்து வரவில்லை. அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, நிகோபாரியர், ஷோம்பென் யாருடைய சொல்லும் இல்லை. என் மனதை அறுப்பது இதுதான். காலனி அடையாளத்தை அழிக்கிறோம் என்கிறீர்கள். காலனி ஆட்சி இங்கே யாரை முதலில் அழித்தது?

நான் சொல்வதை ராஸ் தீவை வைத்தே சொல்கிறேன். அபர்தீன் ஜெட்டியிலிருந்து கண்ணுக்கு எதிரே தெரியும் சின்னத் தீவு, ஒரு காலை நேரத்துக்குள் நடந்து சுற்றிவிடலாம். போன வருடம் மெயின்லேண்டிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். எங்களுக்கு வழி காட்டியவர் நல்ல மனிதர், பொறுமையாக எல்லாம் சொன்னார். சீஃப் கமிஷனர் மாளிகை, நடன அரங்கு, பேக்கரி, சர்ச், நீச்சல் குளம், ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் சுவர்கள், ஜப்பான்காரர்களின் பதுங்கு குழி. “கிழக்கின் பாரிஸ்” என்றார். 1941 பூகம்பத்தைச் சொன்னார். எல்லாம் முடிந்து படகுக்குத் திரும்பும்போது நான் கேட்டேன், அந்தமான் ஹோம் எந்த இடத்தில் இருந்தது என்று. முதியோர் இல்லமா என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன், யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் வகுப்பில் தீவுகளின் வரலாறு 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் வந்ததிலிருந்து ஆரம்பிக்கும், அங்கிருந்து 1857-க்குத் தாவும், அப்புறம் செல்லுலார் ஜெயில். நடுவில் “காட்டுவாசிகள் தாக்கினார்கள்” என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

1858 மார்ச் 10 அன்று கைதிக் குடியிருப்பின் கண்காணிப்பாளராக ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். தண்ணீரும் காற்றும் பார்த்து ராஸ் தீவைத் தலைமையிடமாக எடுத்துக்கொண்டார்கள். கைதிகள் சங்கிலியோடு காட்டை வெட்டினார்கள். அது அக்கா-பியா மக்களின் நிலம், கிரேட் அந்தமானியர் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் பத்துக் குலங்களில் ஒன்று அது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1859 ஏப்ரலில் திரண்டு வந்து தாக்கினார்கள். அந்தத் தாக்குதலைப் பற்றி ஆங்கில அதிகாரிகளே எழுதிவைத்த ஒரு விஷயத்தை முதல் முறை படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலில் விலங்கு இருந்த கைதிகளை ஒதுங்கி நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார்களாம், அதிகாரத்தின் அடையாளம் அணிந்து வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்களைத்தான் தேடித் தேடி அடித்தார்களாம். மொழி தெரியாது, நாடு தெரியாது, 1857 தெரியாது. ஆனாலும் யார் கட்டப்பட்டவன், யார் கட்டியவன் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அடுத்தது மே 17. அபர்தீன் போர். தப்பியோடி ஒரு வருடம் அவர்களோடு வாழ்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்ட துத்நாத் திவாரி என்ற கைதி, கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு வந்து தகவலைச் சொல்லிவிட்டார். துப்பாக்கிகளும் கப்பல் பீரங்கியும் காத்திருந்தன. வில்லும் அம்புமாக வந்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எவரும் எண்ணவில்லை. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊர் திரும்பினார். அந்தப் போருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் மே 17 அன்று அங்கே அஞ்சலி செலுத்தப்படுகிறது, அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அவர்களைக் கொன்றது அந்த ஒரு நாள் இல்லை. அதற்குப் பிறகு வந்த ‘அன்பு’தான் அவர்களைக் கொன்றது.

1863 ஜனவரியில் பிராட் என்ற கடற்படை ஆள் ஒருவர் அம்பு பட்டுச் செத்தார். உடனே இரண்டு அந்தமானியரைப் பிடித்து ராஸ் தீவில் விலங்கு போட்டு வைத்தார்கள். அந்த ஆள் அந்தமானியப் பெண் ஒருத்தியைப் பலாத்காரம் செய்யப் போனதால்தான் அது நடந்தது என்பது பிறகு வெளியே வந்தது. பிடித்து வைத்தவர்களுக்கு மாலுமிகள் வைத்த பெயர்களைப் பாருங்கள்: ஒருவர் ஸ்நோபால், இன்னொருவர் ஜம்போ. ஜம்போவின் மனைவிக்கு டாப்ஸி. அதற்கு ஐந்து வருடம் முன்னால் மௌவாட் தலைமையில் வந்த குழு, பிடித்துக்கொண்டு போன ஓர் இளைஞனுக்கு ஜாக் அந்தமான் என்று பெயர் வைத்து, மாலுமி உடை மாட்டி, கல்கத்தாவில் காட்டி, அவன் நோயில் விழுந்த பிறகு திருப்பிக் கொண்டுவந்து விட்டது. இவர்களுடைய உண்மையான பெயர்களை இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெயர் விஷயத்தில் அந்தமானியர் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் அதே ஆங்கிலேயர்கள்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்துவிடுவார்கள், அதனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர்கள்தான். பெண் பெரியவளானால் அந்தச் சமயத்தில் காட்டில் எந்த மரம் பூத்திருக்கிறதோ அந்தப் பூவின் பெயர் அவள் பெயரோடு சேரும், தாயாகும்வரை அப்படித்தான் அவளை அழைப்பார்கள். ஒருவர் இறந்துவிட்டால் துக்கம் முடியும்வரை அவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெயரை இவ்வளவு பதனமாக வைத்திருந்தவர்களைத்தான் நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல ஸ்நோபால் என்றும் ஜம்போ என்றும் கூப்பிட்டார்கள்.

அதே 1863-இல், அதே ராஸ் தீவில், பாதிரியார் ஹென்றி கார்பின் அந்தமான் ஹோமை ஆரம்பித்தார். உடை, இங்கிலீஷ், வேலை, காவல். போக நினைத்தவர்களைப் போக விடவில்லை, பணயக் கைதிகளைப் போலத்தான் வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அவர் இடத்துக்கு ஹோம்ஃப்ரே என்ற அதிகாரி வந்தார், ஹோம்கள் ராஸ் தீவைத் தாண்டி மற்ற இடங்களிலும் வந்தன, தப்பியோடும் கைதிகளைப் பிடித்துத் தரும் வேலை அந்தமானியர் தலையில் விழுந்தது. புகையிலை வந்தது, சாராயம் வந்தது, மேகநோய் வந்தது. 1877-இல் தட்டம்மை வந்து கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது. ஹோம்களில் பிறந்த குழந்தைகள் 150 என்று ஒரு கணக்கு உண்டு. அவற்றில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை.

நான் ஒரு குழந்தையைப் பெற்று வளர்த்தவள். அந்த 150 என்ற எண்ணை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

மற்றதை எண்களே சொல்லிவிடும். 1858-இல் கிரேட் அந்தமானியர் ஐயாயிரம் பேர் வரை இருந்திருப்பார்கள் என்கிறார்கள். 1901 கணக்கெடுப்பில் 625. 1931-இல் 90. 1961-இல் 19. ராஸ் தீவு யாருடைய மண்ணோ அந்த அக்கா-பியா மக்கள் குலமாகவே இல்லாமல் போனார்கள், அவர்கள் மொழி எட்வர்ட் ஹொரேஸ் மேன் என்ற ஆங்கில அதிகாரி தொகுத்த அகராதி போன்ற பழைய பதிவுகளில் மட்டும் இருக்கிறது. மிஞ்சிய எல்லாக் குலத்தாரையும் சேர்த்து, பிறகு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். 2011-இல் 44 பேர். போ மொழியை அறிந்த கடைசி மனுஷி போவா, சுனாமியைப் பார்த்துப் பிழைத்தவர், 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். நாங்கள் எல்லாரும் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த குடியரசு நாள் அது. 2020-இல் லிச்சோ இறந்தார், சாரே மொழி அவரோடு போனது.

சின்ன வயதில் ஒன்று பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும், காய்ச்சலுக்காக அம்மா என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஒரு அந்தமானியப் பாட்டி. வருகிறவர் போகிறவர் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவர் அந்தப் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார், இன்னொருவரிடம் காட்டி மறுபடியும் வேறு மாதிரி கூப்பிட்டார், சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். பாட்டி எழுந்து போய், மேஜை முன்னால் நின்று, ஹிந்தியில் தன் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒரு தடவை. அவர் சரியாகத் திருப்பிச் சொல்லும்வரை அங்கேயே நின்றார். அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லி, நாமும்தான் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று வருத்தப்பட்டது ஞாபகம் இருக்கிறது. நானும் அங்கே உட்கார்ந்திருந்தவள்தான். நாங்கள் தமிழர்கள், வங்காளிகள், மலையாளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், இங்கேயே பிறந்த கைதி வம்சத்தார், எல்லாரும் அவர்கள் நிலத்தில்தான் வீடு கட்டியிருக்கிறோம். அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை.

சோழர் பெருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை, எங்கள் ஆட்களுக்காக. 1025-இல் ராஜேந்திரன் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்துக்குப் போனது உண்மை, வழியில் இருந்த நக்கவாரத்தையும் வென்றதாகக் கல்வெட்டு சொல்வதும் உண்மை. நக்கவாரம் என்று நாம் எழுதினோம். அங்கே இருந்தவர்கள் தங்கள் தீவை என்னவென்று சொன்னார்கள் என்று நம் கல்வெட்டும் கேட்டு எழுதவில்லை. ஜாரவா என்ற பெயர்கூட அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டது இல்லை, அந்நியர் என்ற பொருளில் அக்கா-பியா மக்கள் சொன்ன சொல் அது, அதையே அரசுத் தாள்களிலும் ஏற்றிவிட்டோம். அவர்கள் தங்களை ‘அங்’ என்கிறார்கள்.

21 தீவுகள் பெயரில்லாதவை என்று சொன்னபோது எனக்கு ஏன் வலித்தது என்றால் இதனால்தான். பல்லாயிரம் வருடமாகத் தோணியில் போய் ஆமை பிடித்தவர்கள், தேன் எடுத்தவர்கள், ஒவ்வொரு ஓடைக்கும் முனைக்கும் பெயர் வைத்திருந்தவர்கள். அவர்கள் பார்வைக்குள் இருந்த தீவுக்குப் பெயர் இல்லாமலா இருந்திருக்கும்? நம்மிடம் பெயர் இல்லை, அவ்வளவுதான். பேராசிரியர் அன்விதா அப்பி பல வருடம் இங்கே உட்கார்ந்து, மிஞ்சியிருந்த பெரியவர்களிடம் கேட்டு, கிரேட் அந்தமானிய மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயர்களும் அந்த வேலையில் பதிவாகியிருக்கின்றன. அவருக்கு 2013-இல் பத்மஸ்ரீ கொடுத்தது இதே நாடுதான். விருது கொடுத்த கையோடு அந்த அகராதியையும் பெயர் வைக்கும் மேஜைக்கு எடுத்து வந்திருக்கலாம்.

இன்னும் ஒன்று. ராஸை மாற்றினீர்கள், நீலை மாற்றினீர்கள், ஹாரியட்டை மாற்றினீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் போகும் கடற்கரையை இன்றும் கார்பின்ஸ் கோவ் என்றே சொல்கிறோம். அது ஹோமை ஆரம்பித்த அதே கார்பின்தான். அவர் பெயரை என் மகளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். அவர் ஹோமில் அடைபட்டிருந்தவர்களில் ஒருவர் பெயராவது அவளுக்குத் தெரியுமா, எனக்குத்தான் தெரியுமா?

நான் கேட்பது இவைதான்.

கார்பின்ஸ் கோவ் உட்பட, இனி எந்த இடத்தின் பெயரை மாற்றுவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் கிரேட் அந்தமானியக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு நாள் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவதாக இருக்கக் கூடாது. அவர்களுக்கு வசதியான இடத்தில், அவர்களுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்துக் கேட்க வேண்டும். வேண்டாம், எங்கள் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள் என்று சொன்னால் அதையும் மதியுங்கள். லிட்டில் அந்தமான் பற்றி ஓங்கேக்களிடமும், நிகோபார் பற்றி நிகோபாரியரிடமும் இதே போலக் கேளுங்கள். ஜாரவா பகுதிக்கும் வட சென்டினலுக்கும் இதைச் சாக்காக வைத்து ஒரு ஆளும் போகக் கூடாது. 1880-இல் போர்ட்மேன் என்ற ஆங்கில அதிகாரி வட சென்டினல் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து வந்தார், பெரியவர்கள் இருவரும் இங்கே நோயில் செத்தார்கள், குழந்தைகளைப் பரிசுப் பொருளோடு திருப்பி அனுப்பினார். அந்த மக்கள் கேட்பது விட்டுவிடுங்கள் என்பதுதான். அதை மட்டும் செய்யுங்கள்.

மேன், அப்பி போன்றோரின் பதிவுகளில் ஏற்கெனவே இருக்கும் இடப்பெயர்களைத் தொகுத்து, சமூகத்தின் பெரியவர்களிடம் சரிபார்த்து, இப்போதிருக்கும் பெயர்களோடு சேர்த்து ஜெட்டிகளிலும் சாலைப் பலகைகளிலும் அரசு வரைபடங்களிலும் எழுதுங்கள். நேதாஜியின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இடம் கேட்கிறேன்.

ராஸ் தீவில், நடன அரங்குக்கும் பேக்கரிக்கும் நடுவே மக்கள் நின்று படிக்கும் இடத்தில், அந்தமான் ஹோம் பற்றி ஒரு கல் வையுங்கள். 1863 என்று போடுங்கள். விலங்கிட்டு வைத்த இருவரைப் பற்றி எழுதுங்கள், அவர்களுக்கு ஏளனமாக வைத்த பெயர்கள் எவை, உண்மைப் பெயர்கள் ஏன் மறைந்துபோயின என்று எழுதுங்கள். 150 குழந்தைகள், இரண்டு வயது என்று எழுதுங்கள். ஹிந்தி, தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், இங்கிலீஷ், நிகோபாரி மொழிகளில் இருக்கட்டும். கல்லில் என்ன வர வேண்டும், துக்கத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அந்தமானியக் குடும்பங்களே தீர்மானிக்கட்டும். அங்கே வேலை செய்யும் வழிகாட்டிகளுக்கு இதைப் பயிற்சியில் சேருங்கள். தீவுகளின் பள்ளிப் பாடத்தில் வரலாற்றை 1789-இல் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்த மே 17 அஞ்சலிக்கு முன்னால் இதற்கு எழுத்தில் ஒரு பதில் தாருங்கள். செய்வோம், செய்ய மாட்டோம், ஏன் என்று. அந்தப் பதிலை முதலில் ஸ்ட்ரெய்ட் தீவுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் எனக்கு அனுப்புங்கள்.

போர்ட் பிளேரில் பிறந்த ஒரு தமிழ்த் தாய்